நம் ஊரில் சூனியக்காரி உண்டா?

சென்ற அக்டோபர் மாதக் கடைசியில் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். கூரான கறுப்புத் தொப்பி, கையில் துடைப்பம். அன்று மாலை ஹாலோவீனுக்கு வீடு வீடாகப் போக வேண்டுமாம். "அங்கிள், எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு நிஜமாவே விக்கா. அவங்க மதம்தான் உலகத்திலேயே பழசுன்னு சொல்றா. நம்ம ஊர்ல விட்ச் உண்டா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் மூடநம்பிக்கை, போ" என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தலைமுறையில் பெரியவர்கள் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. காரணம், நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு என்று வளர்ந்தவன். சூனியக்காரி உண்டோ இல்லையோ, சூனியம் என்ற சொல் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தவன். அந்தப் பெண்ணுக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். பெற்றோர்களும் சேர்ந்து படித்தால் நல்லது.

மேல்நாட்டுக் கதை

முதலில் அவள் பள்ளித் தோழி சொன்னதைப் பார்ப்போம். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை, சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டு ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் (நம் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்) 1692இல் தொடங்கிய விசாரணையில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் மாட்டேன் என்று வாய் மூடியிருந்த ஒரு முதியவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். இவர்களில் யாரும் சூனியம் வைத்ததாக இன்று எந்த வரலாற்றாசிரியரும் சொல்வதில்லை.

1921இல் மார்கரெட் முர்ரே என்ற ஆங்கில அம்மையார் ஒரு நூல் எழுதினார். கொல்லப்பட்டவர்கள் உண்மையில் கிறிஸ்தவத்திற்கு முந்திய ஒரு பழைய மதத்தை ரகசியமாகப் பின்பற்றியவர்கள் என்பது அவருடைய வாதம். கேட்க நன்றாக இருந்ததால் அது பரவியது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் ஆவணங்களைப் பார்த்து, அதற்கு ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் அதற்குள் அந்த வாதத்தை நம்பி ஒரு புது மதமே பிறந்துவிட்டது. அதுதான் விக்கா.

அதைத் தோற்றுவித்தவர் ஜெரால்டு கார்ட்னர் (1884-1964). இங்கேதான் நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. இந்த ஆங்கிலேயர் இளமையில் எங்கே இருந்தார் தெரியுமா? இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில்! பிறகு மலாயாவில் ரப்பர்த் தோட்டத்திலும், சுங்கத் துறையிலும் 1936 வரை வேலை பார்த்தார். நம் மக்கள் கப்பலேறிப் போய்க் கொழுந்து பறித்த, பால் வெட்டிய அதே மண்ணில்தான் அவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மலாய் மக்களின் கிரிஸ் கத்தியைப் பற்றி நூலே எழுதினார். அவர்களுடைய மந்திரச் சடங்குகளில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு.

இங்கிலாந்துக்குத் திரும்பியபின், ஒரு பழைய சூனியக் கூட்டத்தில் தாம் சேர்க்கப்பட்டதாகச் சொன்னார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தை இங்கிலாந்து 1951இல்தான் நீக்கியது. மூன்றே ஆண்டுகளில், 1954இல், அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. ரொனால்டு ஹட்டன் என்ற பேராசிரியர் 1999இல் எழுதிய விரிவான வரலாற்றில், விக்கா என்பது பழைய துணுக்குகளைச் சேர்த்து 20ஆம் நூற்றாண்டில் நெய்யப்பட்ட புதுத் துணி என்று நிறுவினார். புதியது என்பதால் பொய்யான மதம் என்று பொருளல்ல. பெரும்பாலும் இயற்கையை வணங்கும், யாருக்கும் தீங்கு செய்யாதே என்று போதிக்கும் மதம் அது. 2007இல் அமெரிக்க அரசு, போரில் இறந்த விக்கா வீரர்களின் கல்லறையில் அவர்கள் சின்னத்தைப் பொறிக்கவும் ஒப்புக்கொண்டது. ஆகவே நம் பிள்ளைகள் அந்தத் தோழியைக் கண்டு பயப்படவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். "உலகத்திலேயே பழசு" என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

மதனப்பள்ளி வழியாக ஒரு பாலம்

கார்ட்னர் இங்கிலாந்தில் சேர்ந்திருந்த ஒரு ரகசியக் கல்விக் குழுவில் மேபல் பெசன்ட்-ஸ்காட் என்ற அம்மையாரும் இருந்தார். அவர் வேறு யாருமல்லர், நம் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையை நடத்திய அன்னி பெசன்ட் அம்மையாரின் மகள். கர்மா, மறுபிறவி, சக்கரங்கள் என்று இன்று மேல்நாட்டு மந்திர நூல்களில் நாம் காணும் பல சொற்கள் பிரம்மஞான சபையின் வழியாக அங்கே போனவை. நம் வீட்டுச் சரக்கு கடல் கடந்து போய், வேறு பெட்டியில் அடைபட்டு, நம் பிள்ளைகளின் பள்ளிக்கே திரும்பி வந்திருக்கிறது!

அன்னி பெசன்டின் பெயர் சித்தூர்ப் பக்கத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். மதனப்பள்ளியில் 1915இல் கல்லூரி தொடங்கியவர் அவர். அந்தக் கல்லூரியில் 1919இல் தங்கியிருந்தபோதுதான் தாகூர் நம் தேசிய கீதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதே மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஒரு சிறுவனை, உலக குரு இவன்தான் என்று பிரம்மஞான சபையார் எடுத்து வளர்த்தார்கள். அவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் பழைய வேர்

இப்போது நம் பக்கம் வருவோம். தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாக வேங்கடத்தையும் தென் எல்லையாகக் குமரியையும் சொல்கிறது. அந்த வேங்கட மலைதான் இன்று திருமலை. ஆகவே திருப்பதியைப் பற்றிப் பேசும்போது சங்க இலக்கியத்தைப் பேசுவது பொருத்தம்தான்.

சங்க அகப்பாடல்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சி உண்டு. மகள் உடல் மெலிந்து, உண்ணாமல், உறங்காமல் இருக்கிறாள். தாய் பதறிப்போய்க் கட்டுவிச்சியை அழைக்கிறாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி சொல்கிறாள். அல்லது வேலன் வருகிறான். கழங்கு என்னும் கழற்சிக்காய்களை உருட்டிப் பார்த்து, "இது முருகன் அணங்கியது" என்கிறான். களம் அமைத்து, ஆடு அறுத்து, வெறியாட்டு ஆடுகிறான். ஆனால் தோழிக்குத் தெரியும், அது முருகனும் அல்ல, பேயும் அல்ல, அவள் காதலன் மேல் கொண்ட ஏக்கம் என்று. வெறியாட்டைப் பாடியே பெயர் பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெண்பாற் புலவரும் இருந்தார்.

வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் வேலனும் இருந்தான், வேலனைப் பார்த்துச் சிரித்த தோழியும் இருந்தாள். மந்திரமும் ஐயமும் நம் மண்ணில் கூடவே பிறந்தவை. பகுத்தறிவு வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று யாராவது சொன்னால், அந்தத் தோழியைக் காட்டுங்கள். இன்னொன்றும் உண்டு. அந்தத் தாய் செய்தது அன்பினால். நோய் எது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கங்கம்மாவின் ஏழு நாள்

நம் ஊரில் விட்ச் உண்டா என்று கேட்ட பெண்ணைத் திருப்பதிக்கு மே மாதத்தில் அழைத்துப் போக வேண்டும். மலைமேல் இருப்பவன் ஏழுமலையான். மலையடியில், ஊருக்குள், தாத்தையகுண்ட கங்கம்மா. அவள் பெருமாளுக்குத் தங்கை என்பது ஊர் வழக்கு. அண்ணன் வீட்டுச் சீராகத் தேவஸ்தானத்திலிருந்து அவளுக்குப் பட்டுச் சேலை போகிறது.

அவள் கதை இது. அந்தப் பகுதியை ஆண்ட ஒரு பாளையக்காரன் கண்ணில் பட்ட பெண்களையெல்லாம் கெடுத்து வந்தான். கங்கம்மா மேல் கை வைக்கப் போனபோது அவளுடைய உண்மை உருவத்தைக் கண்டு ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் நாளுக்கு ஒரு வேடமாக ஊர் சுற்றினாள். பைராகி, பண்டன், தோட்டி, துரை என்று வேடங்கள். துரை வேடத்தில் வந்தபோது அவன் வெளியே வர, தலையை வெட்டினாள். அடுத்த நாள் மாதங்கி வேடத்தில் போய் அவன் மனைவிக்கு ஆறுதல் சொன்னாள் என்றும் சொல்வார்கள். கொன்றவளே போய்த் தேற்றும் தெய்வம் வேறெங்கே உண்டு?

ஜாத்திரை நாட்களில் ஆண்கள் அதே வேடங்களைப் போட்டுக்கொண்டு வீதியில் வருவார்கள். வேண்டுதலுக்காகச் சேலை கட்டிப் பூ வைத்துக்கொள்ளும் ஆண்கள் ஆயிரக்கணக்கில். வாய்க்கு வந்தபடி திட்டுவதே வேண்டுதலாக இருக்கும் நாளும் உண்டு. கடைசியில் கோயில் முன்னால் களிமண்ணால் செய்த மாபெரும் விசுவரூப முகத்தைக் கலைப்பார்கள். அந்த மண்ணில் ஒரு துண்டுக்காகக் கூட்டம் பாயும். வீட்டில் வைத்துக்கொண்டால் நோய் நொடி அண்டாது என்பது நம்பிக்கை. சித்தூரிலும் கங்கம்மா ஜாத்திரை உண்டு. வெயில் காலத்துக் கொப்புளமும் காய்ச்சலும் அவள் வருகை என்றுதான் என் பாட்டி சொல்வார்.

இதை வெளியிலிருந்து பார்ப்பவர் சூனியம் என்றே சொல்லிவிடுவார். ரத்தப் பலி, ஆவேசம், ஆண் பெண் வேடம், எல்லாம் இருக்கிறதே! ஆனால் இதில் ஒளிவுமறைவு இல்லை. பட்டப்பகலில், ஊர் கூடி, தெருவில் நடக்கிறது. யாரையும் கெடுக்க அல்ல, ஊரைக் காக்க. பெண்ணைத் தொட்டவன் தலை தப்பாது என்று ஆண்களுக்கு ஆண்டுதோறும் நினைவூட்டும் ஏற்பாடு இது.

அம்மை நோயை அம்மன் என்று கும்பிட்டதிலும் ஒரு நன்மை இருந்தது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியார் போகமாட்டார்கள், நோயாளிக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் பெரியம்மையை ஒழித்தது வேப்பிலை அல்ல, தடுப்பூசி. இந்திய மண்ணில் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1975 மே மாதத்தோடு முடிந்தது. நோய் போனபின்னும் அம்மன் போகவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் மக்களுக்குத் தெரிந்திருந்தது.

சித்தூரிலிருந்து 12 கிலோ மீட்டர் அளவில் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் தகராறா, திருட்டுப் பழியா, அங்கே குளத்தில் முழுகி, சுவாமி முன்னால் சத்தியம் செய் என்பார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் கெட்டுப்போவான் என்ற அச்சம் இன்றும் உண்டு. அச்சம்தான் அங்கே வேலை செய்கிறது. ஆனால் அந்த அச்சம் பொய் சொல்பவனைத் தேடிப் போகிறது, அப்பாவியை அல்ல.

பில்லி சூனியம் என்ற வியாபாரம்

இப்போது மறுபக்கம். தமிழில் பில்லி, சூனியம், ஏவல் என்பார்கள். தெலுங்கில் சேதபடி. தெலங்கானாப் பக்கம் பாணாமதி. மந்திர நூல்களில் அட்டகர்மம் என்று எட்டு வேலைகள் சொல்லியிருக்கும். வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருஷணம், வித்துவேடணம், பேதனம், மாரணம். கடைசியில் இருப்பது ஆளையே கொல்வது. இந்த எண்ணமும் மிகப் பழையதுதான். அதர்வ வேதத்திலேயே நோய் தீர்க்கும் மந்திரத்தோடு பகைவனை ஒடுக்கும் மந்திரமும் இருக்கிறது. இலங்கையில் சிலாபத்துக்கு அருகே முன்னேசுவரத்தில் காளி முன் தேங்காய் உடைத்துப் பகைவனைச் சபிக்கச் சிங்கள மக்களும் வருகிறார்கள். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர இத்தகைய கோயில்களுக்கு வருபவர்களை ஆராய்ந்து 1975இல் எழுதினார். கையில் கத்தி எடுக்க வேண்டிய கோபத்தை மக்கள் தெய்வத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள் என்பது அவர் கருத்து.

ஆனால் இன்று தொலைபேசியில் நம்மை அழைக்கும் மந்திரவாதி அந்தக் காளி கோயில் பூசாரி அல்லன். அவன் வியாபாரி. அவன் வித்தை எளிது. "வீட்டில் தெற்கு மூலையில் ஏதோ குறை இருக்கிறது", "உங்களுக்கு வேண்டியவர்களே செய்தது" என்று யாருக்கும் பொருந்தும் நாலு வார்த்தை சொல்வான். நாமே மீதியைச் சொல்லிவிடுவோம். பிறகு எலுமிச்சம்பழத்தை அறுப்பான், ரத்தம் வரும். கத்தியில் முன்கூட்டியே செம்பருத்திப் பூவைத் தேய்த்திருப்பான், புளிப்புப் பட்டதும் சிவக்கும். மஞ்சள் நீர் சிவப்பாகும். அது சுண்ணாம்பின் வேலை, ஆலம் கரைக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் தெரிந்ததுதான்! ஓமகுண்டம் தானே தீப்பிடிக்கும். அடியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு, மேலே ஊற்றியது நெய் அல்ல, கிளிசரின்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அறிவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், மோசடி இல்லாமல் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும் வரை யாரும் வென்று வாங்கவில்லை. கோவை போத்தனூரில் இருந்த பி. பிரேமானந்த் இந்த வித்தைகளையெல்லாம் ஊர் ஊராகச் செய்து காட்டி ரகசியத்தை உடைத்தார்.

என் வீட்டில் நடந்தது

இதையெல்லாம் அறிந்த நான் ஏமாறவில்லை என்று நினைக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் சித்தூரிலிருந்து தம்பி பேசினான். "அண்ணா, நாப்பதாயிரம் அனுப்பு. டாக்டருக்கு இல்ல. அம்மா சொல்றாங்க, யாரோ சேதபடி செஞ்சிருக்காங்களாம்." அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். தூங்குவதில்லை, தனக்குத்தானே பேசுகிறாள், குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறாள். ஒருவன் வந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு விதவை அம்மாள் வைத்தது என்று சொல்லியிருக்கிறான்.

நான் என்ன செய்தேன்? வாதம் செய்ய நேரமில்லை, வேலைக்குக் கிளம்ப வேண்டும். பணத்தை அனுப்பிவிட்டேன். பிறகு இன்னொரு முப்பதாயிரம். நாலு மாதம் தகடு, தாயத்து, நள்ளிரவு பூசை. அந்தப் பெண்ணைப் பட்டினி போட்டு, வேப்பங்குச்சியால் அடித்தும் இருக்கிறார்கள். கடைசியில் அவளுடைய அண்ணன் வந்து சண்டை போட்டு வேலூருக்கு அழைத்துப் போனார். ஒரு மணி நேரப் பயணம்! பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய் என்றும், மருந்தால் தீரும் என்றும் டாக்டர் சொன்னார். இரண்டு மாதத்தில் குழந்தையைத் தானே குளிப்பாட்டினாள். இன்று நன்றாக இருக்கிறாள். அந்த நாலு மாதத்தைப் பற்றி மட்டும் என்னிடம் பேசமாட்டாள். அடித்த குச்சிக்குக் காசு கொடுத்தவன் நான்தானே.

பக்கத்து வீட்டு அம்மாள் எங்களுக்குச் சின்ன வயதில் முறுக்குச் சுட்டுக் கொடுத்தவர். பேச்சுப் பொறுக்காமல் வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் அத்தனை ஆயிரம் பேரைக் கொன்றதும் இதே விரல்தான். துணையற்ற ஒரு பெண்ணை நோக்கி நீளும் விரல்.

படித்தவர் வீட்டிலும்

படிப்பு இருந்தால் இது வராது என்று எண்ண வேண்டாம். 2021 ஜனவரி 24 அன்று, அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், வளர்ந்த இரு மகள்கள் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். பெற்றோர் இருவரும் உயர்படிப்புப் படித்து, கல்வித் துறையில் இருந்தவர்கள். கலியுகம் முடிந்து விடியும்போது மகள்கள் உயிரோடு எழுந்துவிடுவார்கள் என்று அவர்கள் சொன்னதாகப் போலீசார் தெரிவித்தார்கள். பெற்றோரை மனநல மருத்துவத்துக்கு அனுப்பினார்கள். அது எந்தக் கோயிலின் மரபும் அல்ல, கங்கம்மா கதையிலும் அப்படி இல்லை. ஒரு வீடு கதவைச் சாத்திக்கொண்டு, வெளியாரின் பேச்சுக் காதில் விழாமல், தனக்குத்தானே ஒரு புது மதத்தை உண்டாக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. அந்த வீட்டுக்குள் நுழைந்து "இது நோய்" என்று சொல்ல ஒரு தோழி இல்லாமல் போனாள்.

அந்த 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சூனியத்தைக் காரணமாகக் கொண்ட கொலைகள் 68, நரபலிகள் 6 என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. 1999இல் பீகார் தொடங்கிப் பல மாநிலங்கள் சட்டம் இயற்றியிருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் அதற்காகப் பாடுபட்ட டாக்டர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்டு 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உயிரைக் கொடுத்தபின் அந்த ஆண்டிலேயே சட்டம் வந்தது. கர்நாடகம் 2017இல் இயற்றியது. மந்திரத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் இந்தியா முழுவதுக்கும் 1954லிருந்தே இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

வெளிநாட்டில் இருக்கும் நாம் இதில் பார்வையாளர்கள் அல்லர். நம் ஊர் மளிகைக் கடைச் சுவரிலும், இலவசப் பத்திரிகைகளிலும், கைத்தொலைபேசியிலும் "கணவன் மனைவி ஒற்றுமை, விசா, வழக்கு, 24 மணி நேரத்தில் தீர்வு" என்ற விளம்பரங்கள் வருகின்றன. தனிமையும் கவலையும் எங்கே உண்டோ அங்கே இவர்களுக்குச் சந்தை. கனடாவில் சூனியம் செய்வதாக நடிப்பதைக் குற்றமாக்கிய பழைய சட்டப் பிரிவு 2018 டிசம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் ஏமாற்றிப் பணம் பறிப்பது அங்கே இன்றும் குற்றமே. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் போலீசில் சொல்ல வேண்டும்.

எது மரபு, எது மோசடி என்று பிரிக்க நான் நான்கு கேள்விகளை வைத்திருக்கிறேன். ஊர் அறிய நடக்கிறதா, ரகசியமாக நடக்கிறதா? செலவு முன்பே தெரிகிறதா, வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா? டாக்டரிடம் போகாதே என்கிறார்களா? யாராவது ஒருவர்மேல் பழி போடச் சொல்கிறார்களா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு "ஆம்" என்றால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். என் பாட்டி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டதில் இந்த நான்கில் ஒரு குற்றமும் இல்லை. சுற்றிப் போட்டுவிட்டு, காய்ச்சல் விடாவிட்டால் அவரே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவார்.

ஊரிலிருந்து பணம் கேட்டு அழைப்பு வந்தால், அனுப்புமுன் பத்து நிமிடம் பேசுங்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேளுங்கள். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் அவர்கள் அங்கிருந்தே பேசலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசுவார்கள். மந்திரவாதிக்குத் தர மறுப்பதோடு நிற்காமல், ஆஸ்பத்திரிக்கு ஆகும் செலவை நாம் ஏற்றுக்கொண்டால்தான் அம்மா கேட்பார்.

மதனப்பள்ளியில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி என்ன செய்தார் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? தம்மை உலக குருவாக வைத்து உருவாக்கிய பெரிய அமைப்பை, 1929 ஆகஸ்டு 3 அன்று, ஹாலந்தில் ஆயிரக்கணக்கான அன்பர்களின் முன்னால் அவரே கலைத்தார். உண்மையைத் தேடுபவனுக்கு இடைத்தரகர் வேண்டாம் என்றார். குருவாக இருந்து பணமும் புகழும் பெற்றிருக்கக்கூடியவர் வேண்டாம் என்று எழுந்து போனார். அந்த ஊரை 2021இன் கொடுமையோடு மட்டும் நினைக்காமல், இதோடும் நினைத்துக்கொள்வோம்.

இனி அந்தப் பெண்ணுக்கு என் பதில். அம்மா, நம் ஊரில் துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி இல்லை. சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்ட அப்பாவிப் பெண்கள் நிறைய இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கெட்டவனைத் தேடி ஏழு வேடம் போட்ட கங்கம்மா இருக்கிறாள். வேலனைப் பார்த்துச் சிரித்த தோழி இருக்கிறாள். அடுத்த ஹாலோவீனுக்கு என்ன வேடம் போடலாம் என்று என்னைக் கேட்டால், கங்கம்மாவைச் சொல்வேன். ஆனால் வேடம் கலைத்த பிறகு, வருடம் முழுவதும், அந்தத் தோழியாக இரு.